மறுக்கவும் இடம் வேண்டும்: ஒரே ஆம்புலன்ஸில் வேலை பார்த்த இருவர்

ஒரே இடத்தில் வேலை பார்க்கும் ஒருவர் மீது மனம் போய்விட்டது என்று ஆலோசனைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "இது நிஜமாவே காதல்தானா, இல்ல கூடவே இருந்து பழகுனதால வந்த ஒட்டுதலா?" என்பதைத்தான். அதற்குக் காலம் பதில் சொல்லிவிடும். நான் முதலில் பார்ப்பது வேறொன்றை. ஒருவர் தன் மனதைச் சொன்னால், மற்றவர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் அதே வேலைக்கு நிம்மதியாக வர முடியுமா? அப்படி வர முடிகிற இடத்தில்தான் "சரி" என்ற பதிலுக்கு மதிப்பு.

சின்ன ஊர்களில் இந்த இடம் மிகவும் குறுகலானது. அந்த வேலைக்கு அந்த ஊரில் அநேகமாக ஒரே ஓர் அலுவலகம்தான் இருக்கும். சங்கடமாகிவிட்டது என்று வேலையை மாற்ற நினைத்தால் ஊரையே மாற்ற வேண்டியிருக்கும். நகரத்தில் ஒரு மறுப்பு சில வாரங்களில் கரைந்துவிடும். இங்கே மறுத்தவரும் மறுக்கப்பட்டவரும் ஆண்டுக்கணக்கில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும்.

இதில் வரும் இருவரும் எந்த ஒரு குறிப்பிட்ட ஜோடியும் அல்ல. ஆலோசனை வேலையில் திரும்பத் திரும்பக் காணும் சூழல்களை ஒன்றாக்கி, பயிற்சியில் இருப்பவர்களோடு விவாதிப்பதற்காக எழுதிய நிகழ்வு இது. பெயர் வைக்கவில்லை. வாசிக்கத் தடையில்லாமல் இருக்க அவள், அவன் என்றே எழுதுகிறேன்.

இருவரும் ஊரும்

அவள் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். வண்டியின் பின்பக்கம் முழுக்க அவள் பொறுப்பு. அவன் ஓட்டுநர். இருவருக்கும் முப்பது வயது கடந்துவிட்டது. ஊரில் இரண்டு வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் பகல், இரவு என்று 12 மணி நேர ஷிப்ட். விடுப்புக்கு மாற்றாக ஓரிருவர், எல்லோருக்கும் மேலே ஒரு சூப்பர்வைசர். பெரிய மருத்துவமனைக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போகும்போது நோயாளி இருப்பார், உறவினர் இருப்பார், அவள் பின்னால் இருப்பாள். திரும்பும்போது அவள் முன்சீட்டுக்கு வந்துவிடுவாள். பேச்செல்லாம் அந்தத் திரும்பும் வழியில்தான்.

அவன் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். வண்டி நின்றால் ஜன்னல் பக்கம் வந்து நாலு பேர் விசாரிப்பார்கள். அவள் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து, வாடகை வீட்டில் தனியாக இருப்பவள். தொடக்கத்தில் இந்த வேறுபாட்டை இருவருமே பெரிதாக நினைக்கவில்லை.

இருவரில் யார் கை ஓங்கியது என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. ஒவ்வொரு பயணத்துக்கும் டிரிப் ஷீட் எழுதுவது அவள். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, ஓட்டுநர் தாமதமா, வண்டி சுத்தமா என்பதெல்லாம் அவள் கையெழுத்தோடு மாதக் கடைசியில் சூப்பர்வைசர் மேசைக்குப் போகும். ஆக, காகிதத்தில் அவள் கை ஓங்கியிருந்தது. ஊருக்குள் அவன் கை. ஏதாவது கசப்பு நேர்ந்தால் ஊர் யார் சொல்வதைக் கேட்கும் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. பணியிட உறவுகளை மேலதிகாரி, கீழ்ப்பணியாளர் என்ற ஒரே அளவுகோலால் அளப்பவர்கள் இந்த இரண்டாவது அதிகாரத்தைத் தவறவிடுகிறார்கள். சின்ன ஊரில் அதுதான் கனமானது.

அவள் வந்த காரணம்

தூக்கம் வரவில்லை என்றுதான் வந்தாள். வேலையில் பார்த்த ஏதோ ஒரு மரணம் மனதில் தங்கிவிட்டது என்று அவளே முடிவுகட்டியிருந்தாள். அந்த வேலையில் அது நியாயமான ஊகம். அதனால் அங்கிருந்தே ஆரம்பித்தோம். கனவு வருகிறதா, ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறதா, சைரன் சத்தத்தில் உடம்பு பதறுகிறதா, அந்தத் தெரு வழியாகப் போவதைத் தவிர்க்கிறாளா? எதுவும் இல்லை. வேலையில் கவனம் குறையவில்லை. எந்த நாளிலிருந்து தூக்கம் கெட்டது என்று காலண்டரை வைத்துப் பார்த்தோம். மிக மோசமான கேஸ் நடந்த வாரத்தில் நன்றாகவே தூங்கியிருக்கிறாள். கெட்டது, அவளுடைய டியூட்டி பார்ட்னர் இரவு ஷிப்டுக்கு மாறிப்போன பிறகு.

"ஏன் மாறினாராம்?"

"அப்பாவைப் பகல்ல பாத்துக்க ஆள் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கார். அப்பா பகல் முழுக்க இவரோட அக்கா வீட்லதான் இருக்கார். எனக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "போன மாசம் ஷீட்ல ஒரு தடவை அவர் லேட்னு எழுதினேன். அதான்னு நினைக்கிறேன்."

சந்திப்பு முடியும்வரை அவள் அந்த ஒரு வரி எழுதியதைப் பற்றியே பேசினாள். அது உண்மையில் தாமதமான நாள்தான், எழுதியது சரிதான். அது அவளுக்கும் தெரியும். இருந்தும் தன்னால்தான் அவன் போனான் என்ற எண்ணத்தை விட முடியவில்லை.

நெருக்கம் எங்கே வளர்ந்தது

தொடக்கத்தில் எல்லா ஓட்டுநர்களையும் கூப்பிடுவதுபோல அவனையும் "அண்ணா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். எப்போதோ அது நின்றுபோய் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருக்கிறாள். அவன் "மேடம்" என்பதை விட்டதும் அப்படித்தான். எந்த நாள் என்று இருவருக்கும் நினைவில்லை.

அவள் விரிவாகச் சொன்னது ஒரு பெரியவரின் மரணத்தை. வீட்டுக் கூடத்தில் விழுந்து கிடந்தார், இதயம் நின்றிருந்தது. நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர். 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துபவர் மாறிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் களைத்த கை ஆழமாக இறங்காது, அது களைத்தவருக்கே தெரியாது. அழுத்தம் நிற்கும் இடைவெளி 10 நொடியைத் தாண்டக் கூடாது. வாய்விட்டு எண்ணி, "மாத்தலாம்" என்று சொல்லி மாறுவதுதான் பயிற்சி. இவர்கள் இருவருக்கும் அந்தச் சொல்லே தேவைப்படவில்லை. அவள் தோள் லேசாக இறங்கும்போதே அவன் எதிர்ப்பக்கம் முட்டி போட்டு, விரல்களைக் கோர்த்துத் தயாராக இருப்பான். அவள் கையை எடுக்கவும் அவன் கை இறங்கவும் சரியாக இருக்கும். அன்று வெகுநேரம் மாறி மாறி அழுத்தினார்கள். பெரியவர் பிழைக்கவில்லை.

திரும்பும் வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் எல்லைக்கு வந்த பிறகு அவன் சொன்னானாம்: "சரியாத்தான் பண்ணீங்க. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்."

மரணத்தைப் பற்றிப் பேச வந்தவள், அந்த மரணத்தில் என்னிடம் இரண்டு முறை சொன்னது இந்த வரியைத்தான்.

அருகில் இருப்பதே ஈர்ப்புக்குக் காரணமாகும் என்பது பழைய கண்டுபிடிப்பு. ஜேம்ஸ் போசார்ட் 1932-இல் பிலடெல்பியா நகரின் 5,000 திருமண விண்ணப்பங்களைப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கு ஜோடிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஐந்து தெருக்கட்டத் தொலைவுக்குள் வசித்தவர்கள் என்று தெரிந்தது. அடிக்கடி கண்ணில் படுவதாலேயே ஒன்றைப் பிடித்துப்போகிறது என்று ராபர்ட் ஜயான்ஸ் 1968-இல் காட்டினார். ஆபத்தின் நடுவே பிறக்கும் ஈர்ப்புக்கு 1974-இல் டொனால்ட் டட்டனும் ஆர்தர் ஆரோனும் கனடாவின் கபிலானோ தொங்குபாலத்தில் செய்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆடும் பாலத்தின் மேல் ஓர் இளம்பெண்ணைச் சந்தித்து அவள் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்ட 18 ஆண்களில் 9 பேர் பிறகு அழைத்தார்கள். உறுதியான பாலத்தில் சந்தித்த 16 பேரில் அழைத்தவர்கள் இரண்டே பேர். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை அவர்கள் ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது விளக்கம்.

இந்த நிகழ்வைப் படிக்கும் மாணவர்கள் உடனே அந்தப் பாலத்துக்குத்தான் ஓடுகிறார்கள். சைரன், ரத்தம், மரணம், அதனால் காதல். எனக்கு அது போதவில்லை. ஆம்புலன்ஸ் வேலையில் பதறும் நேரம் கொஞ்சம், சலிப்பான நேரம் அதிகம். வண்டி கழுவுவது, ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் பார்ப்பது, சக்‌ஷன் மெஷின் ஓடுகிறதா என்று சோதிப்பது, அழைப்புக்காகக் காத்துக்கிடப்பது. பாலத்தின் மேல் இருந்தவர்கள் சில நிமிடங்களே அங்கே இருந்தார்கள். இவர்கள் பதற்றம் அடங்கிய பிறகும் அதே வண்டியில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே வேலை செய்தது இன்னொன்று என்று நினைக்கிறேன். ஒருவர் தன் வேலையை எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார் என்பதை மிக அருகிலிருந்து, நாள்தோறும், யாரும் பாராட்டாத நேரத்திலும் பார்த்துக்கொண்டே இருப்பது. அது ஆழமான ஈர்ப்பு. ஏமாற்றுவதும் குறைவு, ஏனென்றால் 12 மணி நேரம் யாராலும் நல்லவராக நடித்துக்கொண்டிருக்க முடியாது.

அவன் விலகியது

அவன் பக்கத்தை நான் கேட்டது பின்னால், இருவரும் சேர்ந்து வந்தபோது.

தன் மனம் போகும் திசை தெரிந்ததுமே ஷிப்ட் மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். ஏன் முதலில் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லிட்டா அவங்க எங்கங்க போவாங்க? பிடிக்கலன்னாலும் பன்னெண்டு மணி நேரம் என் பக்கத்துல உக்காந்தே ஆகணும். ஒரு மணி நேரத்து ரோடு, யாரும் கிடையாது. அந்த இடத்துல வெச்சு எப்படிச் சொல்றது?"

பணியிடக் காதல் பற்றி எத்தனையோ கொள்கை அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். அவற்றில் பலவற்றைவிட இந்தப் பதிலில் விவேகம் அதிகம். வனெஸ்ஸா போன்ஸும் லாரன் டிவின்சென்ட்டும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது. காதலைச் சொல்பவர்கள், அதை மறுப்பது மற்றவருக்கு எவ்வளவு சங்கடம் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். "பிடிக்கலன்னா சொல்லிட்டுப் போகட்டுமே" என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. மறுக்க வேண்டியவரோ அதற்காகத் தன் வழக்கத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவன் அந்தச் சுமையைத் தான் எடுத்துக்கொண்டான். மாறிப்போக வேண்டியவர் யார் என்ற கேள்வி எழுவதற்கு முன்பே தானே மாறிவிட்டான்.

ஆனால் செய்த விதத்தில் ஒரு பிழை இருக்கிறது, அதை மென்று விழுங்க எனக்கு விருப்பமில்லை. பொய்க் காரணம் சொல்லிவிட்டுப் போனதால் அவளுக்கு மறுக்கும் சங்கடம் இல்லாமல் போனது உண்மை. பதிலுக்குக் குற்ற உணர்ச்சி வந்து உட்கார்ந்துகொண்டது. "காரணம் என்கிட்டதான் இருக்கு, உங்க மேல எந்தத் தப்பும் இல்ல" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவள் தூக்கம் போயிருக்காது. காதலைச் சொல்லாமல் இருப்பது பெருந்தன்மையாக இருக்கலாம். எதிராளி தன்னையே குடைந்துகொள்ளும்படி விட்டுவிட்டுப் போவது அப்படியில்லை.

இன்னொன்றையும் இங்கே யோசிக்க வேண்டும். முதலில் மனம் போனது அவளுக்கு என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இதே கேள்வி, திசை மட்டும் மாறும். தன் தாமதத்தை எழுதும் கையை அவனால் பயமில்லாமல் மறுக்க முடியுமா? பெண் சொன்னால் ஆணுக்கு என்ன கஷ்டம் என்று எளிதாகக் கடந்துபோகிறவர்களுக்காகச் சொல்கிறேன். டிரிப் ஷீட் அவள் கையில் இருக்கும்வரை அவளும் அந்த வண்டிக்குள் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாது.

சொன்னதும் காத்திருந்ததும்

"என் மேல ஏதாவது கோவமா?" என்று நேராகக் கேட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். போனில் கேட்டாள். அவன் சொன்னதை அவள் கிட்டத்தட்ட மனப்பாடமாக ஒப்பித்தாள்.

"கோவமெல்லாம் இல்லங்க. உங்க மேல பிரியம் வந்துடுச்சு. கூடவே உக்காந்துக்கிட்டு மறைக்க முடியல, சொல்லவும் மனசு வரல. நீங்க பதில் சொல்லணும்னு இல்ல. சொல்லாம விட்டாலும் எதுவும் மாறாது, நான் நைட்லயே இருந்துக்கறேன்."

அன்று இரவு தூங்கினாள். பதில் சொல்லப் பல வாரம் எடுத்துக்கொண்டாள். அந்த வாரங்களில் அவன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. காலையில் வண்டியை ஒப்படைக்கும்போது டயர், டீசல், சிலிண்டர் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போனான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, குழையவும் இல்லை. இந்த நிகழ்வில் அவன் காதலுக்கு நான் ஏற்கும் சாட்சி அந்தக் காத்திருப்புதான். பிரியத்தைச் சொல்வது ஒரு நாள் வேலை. பதில் வராத வாரங்களில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் ஆள் தெரியும்.

அவளுடைய தயக்கம் அவனைப் பற்றியதே இல்லை. "இது சரியா வரலன்னா ஊரை விட்டுப் போறது நான்தான். அவர் போகவே வேண்டாம்." வாடகை வீட்டின் உரிமையாளர் என்ன நினைப்பார், கூட வேலை பார்ப்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மானுடவியலாளர் மாக்ஸ் குளுக்மேன் சிறிய சமூகங்களைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும். அங்கே ஒரே ஆளோடு பல உறவுகள் பின்னியிருக்கும். சக ஊழியர் அண்டை வீட்டுக்காரராகவும் இருப்பார், அவர் தங்கை உங்கள் வீட்டு உரிமையாளருக்கு மருமகளாகவும் இருப்பாள். ஓர் இழை அறுந்தால் மற்றவையும் இழுபடும். வம்புப் பேச்சு ஒரு குழுவைப் பிணைத்து வைக்கும் கயிறு என்று அவர் 1963-இல் எழுதினார். அந்தப் பிணைப்புக்கு வெளியே நிற்கும் அவளைப் போன்றவர்களுக்கு அதே கயிறு சுருக்காக மாறும்.

ஒளித்த காலம்

அவள் சரி என்றாள், ஆனால் யாருக்கும் தெரியக் கூடாது என்றாள். அவன் ஒப்புக்கொண்டான். அடுத்த சில மாதங்கள்தான் இருவருக்கும் இந்த உறவில் மோசமான காலம்.

ரகசியம் காதலைக் கூட்டும் என்று நம்புகிறவர்கள் உண்டு. டேனியல் வெக்னரும் அவர் குழுவும் 1994-இல் காட்டியதும் ஓரளவு அதுதான். மறைக்கப்படும் ஆளைப் பற்றிய நினைப்பு அதிகமாகிறது. ஆனால் நினைப்பு வேறு, உறவு வேறு. ஜஸ்டின் லேமில்லரின் 2009 ஆய்வில், உறவை மறைத்து வைத்தவர்களிடம் அந்த உறவின் மீதான பற்றுறுதி குறைவாகவே இருந்தது, உடல்நலமும் மனநலமும் அடிவாங்கியிருந்தன. எதிர்ப்பு காதலை வளர்க்கும் என்று 1972-இல் ரிச்சர்ட் டிரிஸ்கால் குழு சொன்னது இன்றும் பரவலாக நம்பப்படுகிறது. 2014-இல் காலீன் சின்க்ளேர் குழு அதைத் திரும்பச் சோதித்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. சுற்றியிருப்பவர்கள் ஏற்றுக்கொண்ட உறவுகளில்தான் அன்பும் உறுதியும் கூடியிருந்தன. சின்ன ஊரில் காதலிப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கண்டுபிடிப்பைத்தான். ஊரே எதிர்த்தால் காதல் வலுக்கும் என்று காத்திருக்காதீர்கள். உங்களை ஏற்றுக்கொள்ளும் இரண்டு பேரையாவது தேடிக்கொள்ளுங்கள்.

இவர்களுக்கு அந்த இரண்டு பேர் இல்லை. அவன் அக்காவுக்குக்கூடத் தெரியாது. எங்கே போனாலும் அவனைத் தெரிந்தவர்கள் இருந்ததால் சந்திப்பதே அபூர்வம். சந்தித்தாலும் அவள் கண் வாசலில் இருந்தது. ஊருக்குத் தெரியாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. இருவரும் வாய் திறக்காததால் ஊர் தனக்குத் தோன்றியதைப் பேசியது.

அது புகாராக வந்து நின்றது. ஒரு நோயாளியின் குடும்பத்தார், வண்டி தாமதமாக வந்தது, வண்டியில் இருந்த இருவருக்கும் "பழக்கம்" இருப்பதால்தான் தாமதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வேதனையில் எழுதியது அது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த அழைப்பு வந்தபோது இருவரும் ஒரே வண்டியிலேயே இல்லை. அவன் இரவு ஷிப்டுக்குப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. டிரிப் ஷீட்டில் அழைப்பு வந்த நேரம், கிளம்பிய நேரம், போய்ச்சேர்ந்த நேரம் மூன்றும் இருந்தன. மாற்றம் கேட்டு அவன் எழுதிய கடிதத்தில் தேதி இருந்தது. புகார் அதோடு நின்றது. தன் மனதை அடக்க அவன் எடுத்த முடிவு அவள் வேலையையும் காப்பாற்றிவிட்டது. இருவரும் ஒரே வண்டியில் இருந்திருந்தால் எந்தத் தேதியும் எந்த நேரமும் அவளுக்கு உதவியிருக்காது.

சூப்பர்வைசரின் அறை

அதற்குப் பிறகு இருவரும் தாங்களே போய்ச் சொன்னார்கள். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். "ரெண்டு பேர்ல ஒருத்தர் வேற ஊருக்கு மாத்திக்கோங்களேன்" என்றார். யார் என்று சொல்லவில்லை. மூவருக்கும் தெரியும்.

நிறுவனங்கள் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் சாய்ந்து பார்த்திருக்கின்றன. வால்மார்ட் ஜெர்மனியில் ஊழியர்களின் காதலைக் கட்டுப்படுத்தும் விதி கொண்டுவந்தபோது, அது மனித மாண்புக்கு எதிரானது என்று 2005-இல் டுசல்டார்ஃப் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. மறுபக்கம், மெக்டொனால்ட்ஸ் தன் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கை 2019 நவம்பரில் பதவியிலிருந்து நீக்கியது. ஓர் ஊழியரோடு இருவர் சம்மதத்துடனும் நடந்த உறவாக இருந்தும், கம்பெனி விதி அதை அனுமதிக்கவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமமானவர்களின் காதலுக்குள் முதலாளி நுழையக் கூடாது. ஒருவரின் சம்பளமும் பதவியும் மற்றவர் கையில் இருக்கும்போது நுழையாமல் இருக்கக் கூடாது.

அந்த அடிப்படையில்தான் இருவரும் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனார்கள். இருவருக்கும் ஒரே வண்டியில் ஒரே ஷிப்ட் போடக் கூடாது. அவன் ஓட்டும் பயணத்தின் ஷீட்டில் அவள் கையெழுத்து வரக் கூடாது. ஆள் இல்லாத நெருக்கடியில் சேர்ந்து போக நேர்ந்தால் அன்றைய ஷீட்டை சூப்பர்வைசரே எழுத வேண்டும். இந்த உறவு முறிந்தாலும், தானாகக் கேட்காதவரை, யாரையும் வேறு ஊருக்கு மாற்றக் கூடாது. கடைசி விதி அவளுக்காக. அது இல்லாமல் மற்றதில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் அவளிடம் அழுத்திச் சொன்னேன். உள்ளே வர மட்டுமல்ல, வெளியே போகவும் அவளுக்கு வழி இருக்க வேண்டும்.

சூப்பர்வைசர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு ஒப்புக்கொண்டார். அவன் தன் அக்காவிடம் சொன்னான். "எப்பவோ தெரியும்டா" என்றாராம்.

கிடைத்ததும் போனதும்

இதற்குக் கொடுத்த விலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் இருவரும் அந்த ஊரின் மிகச் சிறந்த ஜோடி. சொல்லாமலே கை மாறும் அந்த வேலைக்கூட்டு இனி கிடையாது. அவளோடு இப்போது இருப்பவர் இளையவர், ஆர்வமானவர். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நல்ல பையன்தான். ஆனா நான் திரும்பிப் பாக்கறப்ப பை கையில இருக்காது" என்று சொல்லும்போது அவள் குரல் கம்மியது. காதல் கிடைத்ததற்காக இதை இழந்தாகிவிட்டது, இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று அவளே தன்னை அடக்கிக்கொண்டிருந்தாள். இது இழப்புதான், இதற்காக வருந்தலாம் என்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

எதிர்பாராத இன்னொரு சிக்கலும் வந்தது. எதிரெதிரே உட்கார்ந்தால் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அவர்கள் பேசிப் பழகியதெல்லாம் சாலையைப் பார்த்தபடி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து. முகம் பார்த்துப் பேசும்போது இரண்டு அந்நியர்கள். பேச்சுக்கான காரணமும் மாறியிருந்தது. முன்பு பாதிப் பேச்சு வேலையைப் பற்றியது, அதன் இடுக்கில் மற்றதெல்லாம் வந்துபோகும். ஜான் காட்மன் புதுமணத் தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்ததில், ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் சேர்ந்திருந்தவர்கள், துணை சின்னதாக ஏதோ சொல்லும்போதெல்லாம் 100-க்கு 86 முறை திரும்பிப் பார்த்துப் பதில் கொடுத்தவர்கள். பிரிந்தவர்களிடம் அது 33. இவர்களிடம் அந்தத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் நிறையவே இருந்தது, ஆனால் அது வண்டிக்குள் மட்டும் பழகிய ஒன்று. வண்டிக்கு வெளியே அதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. ஷிப்ட் மாறும் அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டார்கள். அவள் வரும்போது அவன் கிளம்புவதில்லை. சிலிண்டர் அழுத்தம், பஞ்சு, கையுறை என்று சரிபார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். கை வேலையில் இருந்தால் வாய் திறக்கிறது.

அவனுக்கு இரவு வேலை. பகலில் தூக்கம் போதவில்லை. இப்போது சண்டை வருவது பெரும்பாலும் அதனால்தான். மீண்டும் பகலுக்கு வந்துவிடு என்று அவள் சொல்ல, வந்தால் அவள் இரவுக்குப் போக வேண்டுமே என்று அவன் சொல்ல, அது முடிவதில்லை. அடுத்த வண்டியின் பகல் ஷிப்டில் இடம் காலியாகும்வரை முடியப்போவதும் இல்லை.

சமீபத்தில் மூத்த ஓட்டுநர் பதவிக்கு அவன் பெயர் வந்திருக்கிறது. அந்தப் பதவிக்குப் போனால் எல்லோருக்கும் மாத டியூட்டிப் பட்டியல் போடுவது அவன் வேலை. அதில் அவள் பெயரும் இருக்கும். அதனால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப்போனான். அவள் தடுத்தாள். பதவியை ஏற்றுக்கொள், என் டியூட்டியை மட்டும் சூப்பர்வைசர் போடட்டும், அதை அந்த ஒரு பக்கத்தில் ஐந்தாவதாக எழுதிச் சேர்க்கலாம் என்றாள். நாளை தான் நிலையப் பொறுப்பாளராக வந்தால் அவனுக்கும் அதே விதி செல்லும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது அவள் நிபந்தனை. அந்த வரியை எப்படி எழுதுவது என்று கேட்கத்தான் கடைசியாக வந்திருந்தார்கள்.